ஒரு சாண் இடது

செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள்,
கடற்கரை மணலில் பந்து தட்டி வளர்ந்தவள் என்று.
மணலில் பந்து எழும்பாது.
ஒருதடவை தட்டிப் பார்த்தால் போதும்,
விழுந்த குழியிலேயே கிடக்கும்.

சின்ன ஏர்வாடியில் சிமெண்டுத் தரை என்றால்
புயல் பாதுகாப்பு மையத்து முன்வாசல்தான்.
அதிலும் பாசி காயும்.
வாரிக் கூட்டிய பிறகும் வழுக்கும்.
வடக்குச் சுவரில் ஒரு வளையம்:
ஐஸ் கம்பெனி டிரம்மின் வாய்விளிம்பு,
வெல்டிங் கடை சேதுக்கரசு அறுத்துத் தந்தது.
உண்மையான அளவைவிட
இரண்டு விரல்கடை சிறியது.
கல்லூரிக்குப் போகும்வரை
இது எங்களுக்குத் தெரியாது.

பந்து பள்ளிக்கூடத்துடையது.
இருப்புக் கணக்கு எடுக்கும் நாளில் மட்டும்
பீரோவுக்குத் திரும்பிப் போகும்.

பத்தாம் வகுப்பில் ராக்கு
ஐந்தடி பதினொன்று.
அவள் அம்மா அந்த உயரத்தை
வேறு மாதிரி கணக்குப் போட்டிருந்தாள்:
இன்னும் எட்டப் பாறைவரை
நின்றே பாசி பறிக்கலாம், முங்க வேண்டாம்.
பறிக்கவும் செய்தாள், சனி ஞாயிறில்.
விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு
பல்லால் இழுத்து முடிபோடுவாள்.
பின்னால் டேப் ஒட்டும்போதும் அதே பல்.

காற்றைச் சொல்லவில்லையே.
கச்சான் அடித்தால் ஒரு சாண் இடது.
கொண்டலுக்கு ஒரு சாண் வலது.
எறிவதற்கு முன் விரலை நாக்கில் நனைத்துத்
தூக்கிப் பிடிப்பாள்.
எதிர் அணிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்,
முதல் பத்து நிமிசம்.

மதுரைக் கல்லூரியில்
எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.
அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீடு.
எனக்கு, மார்க்.
கூரை போட்ட மைதானத்தில்
அவள் எறிந்த முதல் இருபது பந்தும்
வரிசையாக இடதுபுறம் விழுந்தன.
ஜூன் மாதம். இங்கே கச்சான்.
அங்கே பெஞ்சில் வைத்த காகிதம்கூட
அசையவில்லை.
"இந்த ஊர்ல காத்தே இல்லையாடி?" என்றாள்.
அந்த வருசம் முழுக்க பெஞ்சில்தான் இருந்தாள்.
இரவில் விடுதி மாடியில்
துணி காயும் கொடிக்கு மேலாகச்
சுருட்டிய சாக்ஸை எறிந்துகொண்டிருப்பாள்.
நேராக எறிய ஒரு வருசம்.

இரண்டாம் வருசம் நான் பந்து கொடுத்தேன்,
அவள் போட்டாள்.
மூன்றாம் வருசமும்.
ஸ்கோர் தாளில் போட்டவளுக்குக் கட்டம் உண்டு,
தவறு செய்தவளுக்கும் உண்டு.
கொடுத்தவளுக்கு இல்லை.
இதைக் குறையாகச் சொல்லவில்லை.
தாள் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

பல்கலைக்கழக இறுதி ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னால். நான்கு விநாடி.
பந்து என் கையில், வளையம் என் எதிரில்,
நடுவில் ஆளில்லை.
வலது மூலையில்
மூன்று பேருக்கு நடுவே நின்றாள் அவள்.
கொடுத்துவிட்டேன்.
நம்பிக்கை என்று பின்னால் சொன்னார்கள்.
பழக்கம். வேறொன்றுமில்லை.
போட்டாள்.
கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்த
வெளியூர்க் கிளப் ஆள்கள் இரண்டு பேர்
இறங்கி வந்து கேட்டது அவள் பெயரை.
முதுகில் எழுதியிருந்தும் கேட்டார்கள்:
"ராகுவா?" "ராக்கு."

இப்போது சம்பளத்துக்கு ஆடுகிறாள்.
அவள் அம்மா இன்னும் கடலுக்குப் போகிறாள்.
"அவ பணம் அவளுக்கு, என் கை எனக்கு."
நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
அந்த டிரம் எந்த வருசத்துடையது என்று
பழைய நோட்டில் தேடினேன். இல்லை.

நேற்று டிவியில் பார்த்தேன்,
இரண்டு ஃப்ரீ த்ரோ.
இரண்டும் இடதுபுறம், ஒரு சாண்.
களைப்பு என்றார்கள்.
ராத்திரி போன் வந்தது.
"பாத்தியா?"
"பாத்தேன்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
அந்தப் பக்கம் ஏசி இரைச்சல்.
"அங்க என்ன காத்துடி?"

சன்னலைத் திறந்து
விரலை நனைத்தேன்.